கோடியக்கரையில் மூன்று நாள் நடை: காற்றைப் பார்த்து வழி போடுங்கள்

கோடியக்கரைக்குக் காரில் வருகிறவர்கள் பெரும்பாலும் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கிறார்கள், ராமர் பாதம் உள்ள மணல்மேட்டில் ஏறி இறங்குகிறார்கள், மான் கண்ணில் படவில்லை என்ற குறையோடு இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊர் அப்படிப் பார்க்கிற ஊர் இல்லை. நடந்தால்தான் பிடிபடும். நடக்க மூன்று நாள் போதும். முதல் நாள் வேதாரண்யத்தை அடுத்த மீனவ ஊரான ஆறுகாட்டுத்துறையிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே, இரண்டாம் நாள் காடு, மூன்றாம் நாள் சாலை வழியாகக் கோடியக்காடு, உப்பளம், அகஸ்தியன்பள்ளி. ஏறவோ இறங்கவோ மேடு பள்ளம் கிடையாது. மணலும் சேறும் வெயிலும் காற்றும்தான் ஆளைச் சோதிக்கும். அதிலும் காற்றைக் கணக்கில் எடுக்காமல் வழி போட்டால் மற்ற மூன்றும் சேர்ந்துகொள்ளும்.

வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் வங்கக் கடற்கரை, கோடியக்கரை முனையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. முனைக்குக் கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே வேதாரண்யம் சதுப்பு. மூன்று பக்கமும் தண்ணீர் என்பதால் எந்தக் காற்று அடித்தாலும் தடுக்க ஒன்றும் இல்லை. கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில் துணைக்கு யாரை வைத்துக்கொண்டு இருக்கிறீர் என்று இங்குள்ள சிவனான குழகரைப் பார்த்து சுந்தரர் கேட்டதன் பொருள், ஜனவரி மாதத்து மாலை ஒன்றில் கரையில் நின்றால் உடம்புக்கே தெரியும்.

எப்போது போவது

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. இதைவிட நல்ல காலம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், சதுப்பில் தண்ணீர் நிற்கும், வலசைப் பறவைகள் இருக்கும், மணல் இன்னும் கொதிக்கத் தொடங்கியிருக்காது.

நவம்பரையும் டிசம்பர் முதல் பாதியையும் விட்டுவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது இந்தப் பக்கத்தில்தான். காட்டில் முறிந்து சாய்ந்த பெருமரங்களின் எச்சங்களை வழியில் காணலாம். புயல் இல்லாத ஆண்டிலும் அந்த வாரங்களில் கடற்கரையில் முகத்துவாரங்கள் உடைத்துக்கொண்டிருக்கும், காட்டுப் பாதைகளில் தண்ணீர் நிற்கும். ஏப்ரலுக்குப் பிறகு காலை ஒன்பது மணிக்கே மணல் சுடும்.

தை அமாவாசையை ஒட்டிய இரண்டு நாளையும் தவிர்ப்பது நல்லது. ஆதிசேது என்று சொல்லப்படும் கோடியக்கரைக் கடலில் நீராடப் பெருங்கூட்டம் வரும். பேருந்திலும் தங்குமிடத்திலும் இடம் கிடைக்காது, விலங்குகளும் உள்ளே ஒதுங்கிவிடும்.

காற்றுக்கு ஏற்ற திசை

வேதாரண்யம் கடற்கரையில் மீனவர்களிடம் “இன்னைக்கு என்ன காத்து?” என்று கேட்டால் பெயரோடு சொல்வார்கள். வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. இந்த நாலு பெயரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஜனவரியில் வாடையும் கொண்டலும் கலந்து வடகிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது கடற்கரை நடையை வடக்கிலிருந்து தெற்கே வையுங்கள். காற்று இடது தோளுக்குப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். இதே தூரத்தைத் தெற்கிலிருந்து வடக்கே நடந்தால், பறக்கும் மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும், கண் எரியும், நேரமும் கூடும். மூன்றாம் நாள் வடக்கே திரும்பும்போது சாலை வழியாக வரச் சொல்வதும் இதனால்தான். காடு காற்றைத் தாங்கிக்கொள்ளும்.

பிப்ரவரிக் கடைசியில் நிலைமை மாறும். காலையில் காற்று அடங்கிக் கிடக்கும், பதினோரு மணிக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பும். அப்போது எந்தத் திசையில் நடந்தாலும் சரி, பத்தரைக்குள் முடித்துவிடுங்கள்.

காற்று எந்தப் பக்கம் என்று கரையிலேயே சொல்லும் ஒரு செடி இருக்கிறது. ராவணன் மீசை என்று பெயர். மணல்மேட்டில் விறைத்த ஊசி இலைகளோடு புதர் புதராக நிற்கும். காய்ந்த பிறகு அதன் முள்ளுருண்டைக் கதிர், பந்து போலக் கழன்று காற்றின் போக்கில் ஈரமணலில் உருண்டு ஓடும். அதன் ஒவ்வொரு முள்ளும் மணலில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போகும். உருண்டை போன பின்னும் அந்தப் புள்ளி வரிசை கிடக்கும். அது ஓடிய திசையில் நீங்களும் நடந்தால் காற்று உங்கள் பக்கம். அந்த முள்ளுருண்டை மேல் மட்டும் வெறுங்காலை வைத்துவிடாதீர்கள்.

போய்ச் சேர்வது, தங்குவது, அனுமதி

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரை அகலப்பாதை ரயில் 2023 ஏப்ரலில் தொடங்கியது. ஒரு நாளில் ஓடும் வண்டிகள் குறைவு. வந்து இறங்கும்போதே திரும்பும் நேரத்தை நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி இரண்டிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பேருந்து உண்டு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 11 கி.மீ.

முதல் இரவு வேதாரண்யத்தில் தங்குங்கள். விடுதியும் சாப்பாடும் அங்கேதான் எளிதில் கிடைக்கும். அடுத்த இரண்டு இரவும் கோடியக்கரையில். அங்கே வனத்துறையின் பூநாரை இல்லம் உண்டு. முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள். அறை கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தையே இருப்பிடமாக வைத்துக்கொண்டு தினமும் பேருந்தில் வந்து போகலாம். அதிகாலைக் காட்டை இழப்பீர்கள், அவ்வளவுதான்.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது. கோடியக்கரை 1967-இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். சதுப்பையும் சேர்த்து 2002 முதல் உலக அளவில் முக்கியமானது என்று அறிவிக்கப்பட்ட ராம்சார் ஈரநிலமும்கூட. முனையை ஒட்டிய கடற்கரையும் சரணாலயக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே வனத்துறை அலுவலகத்தில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: காட்டுக்குள் நடக்க அனுமதி உண்டா, யார் கூட வருவார்கள் என்பது ஒன்று; வடக்கிலிருந்து கடற்கரை வழியாக நடந்து வரலாமா, எது வரை என்பது இன்னொன்று. இரண்டாவதை நடைக்கு முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். மறுத்தால் வழியிலுள்ள மணியன்தீவு என்ற ஊரோடு கடற்கரையை விட்டுச் சாலைக்கு ஏறிவிடுங்கள். அதட்டிப் பேசியோ ஆள் பிடித்தோ உள்ளே நுழைய நினைக்காதீர்கள்.

ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். இலங்கைக்கு நேர் எதிர்க் கரை என்பதால் கடலோரக் காவல் போலீசார் நிறுத்தி விசாரிப்பது வழக்கம். எங்கிருந்து எங்கே நடக்கிறீர்கள் என்று தெளிவாகச் சொன்னால் விட்டுவிடுவார்கள். டிரோன் கொண்டுவர வேண்டாம்.

முதல் நாள்: ஆறுகாட்டுத்துறையிலிருந்து முனை வரை

ஏறத்தாழ 12 கி.மீ. ஈரமணலில் மணிக்கு 4 கி.மீ. நடக்கலாம். காய்ந்த மணலில் அது இரண்டரைக்கு இறங்கிவிடும். ஓய்வையும் சேர்த்து நான்கு மணி நேரம் வையுங்கள். காலை ஆறேகாலுக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் முடிக்கலாம்.

கிளம்பும் முன் கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பாருங்கள். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர்கூட வராது. ஆனால் கரை தட்டை என்பதால் அந்தக் கொஞ்ச உயரமே நீங்கள் நடக்கும் கெட்டி மணலை மூடப் போதும். வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துக் கால் வைத்தால், மிச்ச நடை முழுவதும் கெட்டியான ஈரமணல் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடுதலாக இருக்கும். கொண்டல் பலமாக அடித்தால் வற்ற வேண்டிய நேரத்திலும் தண்ணீர் வற்றாது.

ஆறுகாட்டுத்துறையில் படகுகளுக்கு நடுவே நடக்கும்போது கீழே பார்த்து நடங்கள். நங்கூரக் கயிறு மணலுக்குள் புதைந்து கிடக்கும், திடீரென்று விறைத்து மேலே எழும். கயிற்றின் மேல் நிற்காமல் தாண்டிப் போங்கள். காயப்போட்ட வலையை மிதிக்கவே கூடாது. கருவாட்டுப் பாயைச் சுற்றிக்கொண்டு போங்கள். படகு தள்ளும்போது “கை குடுங்க தம்பி” என்று கூப்பிட்டால் கொடுங்கள். யாரையும் படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

ஊரைத் தாண்டியதும் கால்தான் எல்லாம். தெற்கே நடக்கும்போது கடல் இடப்பக்கம், கரை இடப்பக்கமாகச் சரிந்திருக்கும். பன்னிரண்டு கிலோமீட்டரும் இடது கால் தாழ்ந்தே நடந்தால் இரவில் இடுப்பும் வலது முழங்காலும் வலிக்கும். காரணம் தெரியாமல் பலர் செருப்பைத் திட்டுவார்கள். இதற்கு வழி எளிது. வற்றத்தில் அலைக்கு அருகே சரிவு குறைந்த பட்டையில் நடங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை அடும்புக்கொடி படர்ந்திருக்கும் மேட்டுக்கு ஏறிப் பத்து நிமிடம் சமதரையில் நடங்கள். காலடியைச் சிறிதாக வைத்து, குதிகாலைக் குத்தாமல் பாதத்தை முழுதாகப் பதியுங்கள்.

கடற்கரைக்குக் குதிகாலில் வார் உள்ள கனமான ரப்பர் செருப்பு நல்லது. ஓட்டப் பயிற்சிக்கான வலைத்துணி ஷூவுக்குள் மணல் புகுந்து, உப்புநீரோடு சேர்ந்து உப்புத்தாள் போலத் தோலை உரித்துவிடும். வெறுங்காலில் நடப்பது சுகம்தான், ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். ஒதுங்கிய வலைத் துண்டுகளில் தூண்டில் முள் மாட்டிக்கொண்டு கிடக்கும். சூடு தெரிகிற இடத்தில் உடனே நின்று, நல்ல தண்ணீரில் மணலைக் கழுவித் துடைத்துப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டினால் அடுத்த இரண்டு நாளும் நொண்டல்தான்.

இந்த நடையில் சிக்கல் வரக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, கடல் சேறு. கொண்டல் பலமாக அடித்த நாட்களுக்குப் பிறகு கருஞ்சேறு கரையில் ஒதுங்கும். மேலே காய்ந்து வெடித்தது போல் தெரியும், அடியில் கூழாக இருக்கும். கையில் தோள் உயரக் கம்பு ஒன்று வைத்திருங்கள். குத்திப் பார்த்து, ஒரு சாணுக்கு மேல் எதிர்ப்பில்லாமல் இறங்கினால் மேலே ஏறிச் சுற்றிப் போங்கள். கால் முழங்கால் வரை மாட்டிக்கொண்டால் மற்ற காலை ஊன்றி இழுக்காதீர்கள், அதுவும் இறங்கும். பையைக் கழற்றிப் போட்டு, பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, மாட்டிய காலைச் சிறிது சிறிதாக ஆட்டினால் தண்ணீர் உள்ளே போய்ப் பிடி விடும்.

இன்னொன்று முகத்துவாரம். மழைக்குப் பின் சில இடங்களில் உள்நீர் மணலை வெட்டிக்கொண்டு கடலில் விழும். போன வாரம் இல்லாத இடத்தில் இந்த வாரம் இருக்கும். காலையிலேயே மீனவர்களிடம் கேட்டுவிடுங்கள். தாண்ட வேண்டி வந்தால் குறுகலான இடத்தைத் தேடாதீர்கள். குறுகலான இடமே ஆழமான இடம். அகன்று பரந்து ஓடும் இடத்தில், செருப்பைக் கழற்றாமல், கம்பை ஊன்றி, பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்து நகருங்கள். திருக்கை படுத்திருந்தால் விலகிப் போகும். பையின் இடுப்பு வார் அவிழ்ந்தே இருக்கட்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தாலோ இழுப்புத் தெரிந்தாலோ திரும்பிவிடுங்கள். நடை ஒன்று கைவிட்டுப் போனால் பரவாயில்லை.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். மணியன்தீவுக்குப் பிறகு கடை எதையும் நம்ப வேண்டாம். அதில் ஒரு லிட்டரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துவையுங்கள். காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடம்பு தண்ணீர் இழப்பதே தெரியாது. தலைவலி வந்த பிறகுதான் தெரியும். தாகம் எடுக்காவிட்டாலும் அரை மணிக்கு நாலு மடக்குக் குடியுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம். டிராக்டர் சக்கரம் போன இரட்டைத் தடம் கடலிலிருந்து மேட்டுக்கு ஏறியிருந்தால் அதன் மேல் நடக்காதீர்கள், கிளறாதீர்கள். வனத்துறையினரிடம் இடத்தைச் சொல்லுங்கள், முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். இரவில் டார்ச்சோடு கடற்கரையில் திரிவதும் கூடாது.

முனையில் குளிக்க வேண்டாம். இரு பக்க நீரோட்டமும் சேரும் இடம், நீச்சல் தெரிந்தவரையும் இழுக்கும்.

இரண்டாம் நாள்: காடு

காலை ஆறரையிலிருந்து எட்டரை, மாலை நாலு மணிக்குப் பிறகு. நடுப்பகலில் காட்டுக்குள் போய்விட்டு மானே இல்லை என்று சொல்வது மான்களுக்குச் செய்கிற அநியாயம்.

வெளிமான் பெயருக்கேற்ப வெளியில் நிற்கும். மரமில்லாத புல்வெளியில் தேடுங்கள். ஆண் மேலே கருப்பும் கீழே வெள்ளையுமாகத் திருகு கொம்போடு இருக்கும். தலையை உயர்த்தி உங்களைப் பார்த்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். நேராக அதை நோக்கி நடக்காமல் குறுக்காக நடந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி மேயத் தொடங்கும். நூறு மீட்டருக்குக் கிட்டே போக வேண்டாம், சிறு இருநோக்கி இருந்தால் போதும். கடற்கரைபோல் இல்லாமல் இங்கே காற்றை முகத்தில் வாங்கி நடங்கள். உங்கள் உடல் வாடை முன்னால் போனால் புள்ளிமான் கூட்டம் நீங்கள் வளைவைத் திரும்பும் முன்பே மறைந்துவிடும்.

மட்டக்குதிரைகள் பழகியவை போல நிற்கும். அவை காட்டுப் பிராணிகள், பின்னால் போனால் உதைக்கும். குரங்குக்குப் பாலித்தீன் சத்தம் கேட்டால் போதும், பையைப் பிடுங்கும். தின்பண்டத்தைத் துணிப்பையில் கட்டுங்கள்.

பாதை ஓரமெங்கும் சீமைக்கருவேல முள் கிடக்கும். ஹவாய் செருப்பை அது அட்டை போலத் துளைக்கும். காட்டுக்குக் கெட்டியான அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூ, முழுக்கால் பேன்ட், பேன்டின் நுனி சாக்ஸுக்குள். புல்லில் உண்ணி உண்டு, மாலையில் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் தடவிப் பாருங்கள். முள் ஏறினால் நேராக, ஏறிய வழியிலேயே இழுங்கள். வளைத்தால் நுனி உள்ளே ஒடிந்து சீழ் பிடிக்கும்.

சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் உள்ள நிலம் இது. காய்ந்த சருகில் கம்பால் தட்டிக்கொண்டு நடங்கள். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனை வேதாரண்யத்தில் இருக்கிறது.

இந்தக் காடு உலர் பசுமைமாறாக் காடு. குட்டையான பாலை மரங்கள் கடற்காற்றுக்கு முதுகைக் கொடுத்து, கத்தரித்துவிட்டது போல ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருப்பதைக் கரையோரத்தில் பாருங்கள். ராமர் பாதம் உள்ள மணல்மேடுதான் சுற்றுவட்டாரத்தில் உயரமான இடம். அங்கே நின்றால் காடு, வெளி, சதுப்பு மூன்றும் எப்படி ஒட்டிக்கிடக்கின்றன என்று தெரியும். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது.

மாலையைப் பறவைகளுக்கு வையுங்கள். பூநாரை எங்கே நிற்கிறது என்பதற்கு நிலையான விடை கிடையாது. சதுப்பில் தண்ணீர் கணுக்கால் ஆழம்தான். காற்று அந்தத் தண்ணீரையே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளும். நேற்று தண்ணீர் நின்ற இடம் இன்று வெறும் சேறாகும், பறவைகள் தண்ணீரோடு நகரும். வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு அன்றன்றைய நிலவரம் தெரியும், கேட்டுவிட்டுப் போங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இளஞ்சிவப்பு முழுக்க நிழலுருவாகப் போய்விடும். வெள்ளையாக உப்புப் பூத்த தரையில் இறங்க வேண்டாம். அந்த ஏடு விரல் தடிமன்கூட இருக்காது.

மூன்றாம் நாள்: கோடியக்காடு வழியாக அகஸ்தியன்பள்ளி

சாலையில் எட்டொன்பது கிலோமீட்டர். வண்டி குறைவு, ஆனாலும் எதிர்வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கமாக நடங்கள். கோடியக்காட்டுப் பக்கம் குழகர் கோயிலில் நின்று போகலாம். நண்பகலுக்கு முன் நடை சாத்திவிடுவார்கள்.

காடு முடிந்ததும் உப்பளம் தொடங்கும். வரப்பில் நடக்க அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். நடு வரப்பில் மட்டும் நடங்கள், ஓரம் பெயர்ந்து பாத்திக்குள் மண் விழுந்தால் அந்தப் பாத்தி உப்பின் வெண்மை போய்விடும். அது ஒருவருடைய பல நாள் உழைப்பு. வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அடிக்கும். தொப்பி மட்டும் போதாது, கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

அகஸ்தியன்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து கிளம்பியவர்கள் 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள். சித்திரை வெயிலில் பதினைந்து நாள் நடந்த கால்கள் அவை. மூன்று நாள் இந்த மண்ணில் நடந்து, கடைசியில் அந்தத் தூணடியில் செருப்பைக் கழற்றி உட்காரும்போது, அது எவ்வளவு பெரிய நடை என்று காலுக்குப் புரியும்.

ரயிலுக்கு நேரம் இருந்தால் பக்கத்திலேயே நிலையம். இல்லாவிட்டால் வேதாரண்யம் போய்ப் பேருந்து. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று செருப்பையும் ஷூவையும் அப்படியே பையில் போட்டுவிடாதீர்கள். வார்க் கொக்கி, கயிற்றுக் கண் எல்லாம் உப்பில் துருப்பிடித்துப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் உலர்த்துங்கள்.